டைம்ஸ் பீச்: தெருவில் தெளித்த ஆயில்

போன மாசம் வீட்டிலேயே பைக்குக்கு ஆயில் மாத்தினேன். வடித்த கறுப்பு ஆயிலை ஒரு கேனில் ஊற்றிவிட்டு, பெயின்ட் வேலையில் மிஞ்சிய தின்னரையும் அதிலேயே கவிழ்க்கப் போனேன். ரெண்டும் கழிவுதானே! கை பாதியில் நின்றது. அப்போது படித்துக்கொண்டிருந்த ஒரு ஊரின் கதைதான் காரணம்.

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் நகரிலிருந்து சுமார் 27 கிலோமீட்டரில், மெரமெக் ஆற்றங்கரையில் இருந்த சின்ன ஊர் டைம்ஸ் பீச். 1925-ல் ஒரு செய்தித்தாள், சந்தா கட்டியவர்களுக்கு மலிவாக மனை விற்று உருவாக்கிய ஊர். தார் போட ஊரிடம் காசில்லை. மண் தெரு, ஒரே புழுதி. 1972 முதல் 1976 வரை ரஸ்ஸல் பிளிஸ் என்ற கழிவு ஆயில் வியாபாரி வந்து தெருக்களில் ஆயில் தெளித்தார். பழைய எஞ்சின் ஆயில் புழுதியை அமுக்கும். அன்றைக்கு அது சாதாரண விஷயம்.

ஆனால் அவருடைய டாங்கில் இருந்தது எஞ்சின் ஆயில் மட்டுமல்ல. அதே மாநிலத்தின் வெரோனாவில் நெப்பாக்கோ என்ற கம்பெனி, கிருமிநாசினி சோப்பில் சேர்க்கும் ஹெக்ஸாகுளோரோஃபீன் தயாரித்தது. அந்த வேலையில் அடியில் தங்கும் கசட்டில் டையாக்சின் இருந்தது. கம்பெனி அதை ஒரு இடைத்தரகருக்குக் கொடுத்தது, தரகர் பிளிஸிடம் தள்ளிவிட்டார், அவர் டாங்கில் கசடும் ஆயிலும் ஒன்றாகக் கலந்தன. அதில் டையாக்சின் இருந்தது தனக்குத் தெரியாது என்றுதான் பிளிஸ் கடைசிவரை சொன்னார். தன் சொந்தப் பண்ணையிலும் அவர் அதையே தெளித்திருந்ததால், எனக்கு அது பொய்யாகத் தெரியவில்லை.

முதலில் காட்டிக்கொடுத்தவை குதிரைகள். 1971-ல் மாஸ்கோ மில்ஸ் அருகே ஒரு லாயத்தின் பயிற்சிக் களத்தில் தெளித்த சில நாளில் குருவிகள் செத்து விழுந்தன. அப்புறம் டஜன் கணக்கில் குதிரைகள். அங்கே விளையாடிய குழந்தைகளுக்கும் உடம்பு முடியாமல் போனது. மண்ணில் இருப்பது டையாக்சின் என்று உறுதியாக 1974 ஆகிவிட்டது. டைம்ஸ் பீச்சுக்கு அதிகாரிகள் வந்து மண் எடுத்ததோ 1982 கடைசியில்!

ஆயில் தெளித்து ஆறு வருஷம் கழித்தும் விஷம் அங்கேயேதான் கிடந்தது. டையாக்சின் தண்ணீரில் கரையாது. எண்ணெயிலும் கொழுப்பிலும்தான் கரையும், மண்துகளோடு ஒட்டிக்கொள்ளும். மழை அடித்துக்கொண்டு போகும் என்று நம்பவே முடியாது.

அதே டிசம்பரில் ஆறு வெள்ளமெடுத்து ஊரையே மூழ்கடித்தது. வீட்டைக் கழுவிச் சுத்தம் செய்துகொண்டிருந்தவர்களுக்குக் கிறிஸ்துமஸ் சமயத்தில் செய்தி வந்தது: வெளியேறிவிடுங்கள். 1983 பிப்ரவரியில் அரசு ஊரையே விலைக்கு வாங்குவதாக அறிவித்தது. இரண்டாயிரம் பேர் கிளம்பினார்கள். வெளியேறச் சொல்லிப் பரிந்துரைத்த வெர்னான் ஹூக் என்ற அதிகாரியே 1991-ல், அது தேவைப்பட்டிருக்காது என்றார். ஊர் போனது போனதுதான்.

1996–97-ல் அங்கே ஒரு எரியுலை கட்டி, சுற்றுவட்டார இடங்களின் மண்ணையும் சேர்த்து சுமார் 2,65,000 டன்னை எரித்தார்கள். ஒரு வியாபாரியின் டாங்கில் கலந்ததைப் பிரிக்க வேறு வழியில்லை.

பிற்பாடு அமெரிக்கச் சட்டத்தில் ஒரு விதி வந்தது. பழைய ஆயிலில் குளோரின் வகையறா மொத்தம் 1,000 பிபிஎம்முக்கு மேல் இருந்தால், அதில் அபாயக் கழிவு கலந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது வைத்திருப்பவர் பொறுப்பு. கலந்த ஆயிலைச் சுத்திகரிப்பு ஆலைக்காரர்களும் தொட யோசிப்பார்கள்.

தின்னர் தனி டப்பாவில், ஆயில் தனிக் கேனில், ரெண்டும் இப்போது மாடிப்படிக்குக் கீழே இருக்கின்றன. கேன் மேல் மார்க்கரில் "வெறும் ஆயில்" என்று எழுதி வைத்திருக்கிறேன்.