துவக்குக்குள் இருந்த பறவை

தண்ணீரூற்று என்ற பெயருக்கு விளக்கம் தேவையில்லை. தண்ணீர் ஊறும் இடம். கரையில் பிள்ளையார் இருக்கிறார். அவரும் ஊற்றங்கரைப் பிள்ளையார்தான். முல்லைத்தீவுப் பக்கத்தில் பெயர் வைத்தவர்கள் சுற்றி வளைத்துப் பேசுகிறவர்கள் அல்லர். குழல் வாய்க்குள் மருந்தைக் கொட்டிக் கோலால் இடித்து நிரப்பும் துவக்கு கைக்கு வந்தபோதும், ‘இடியன்’ என்று ஒரு பெயரைச் சொல்லிவிட்டுக் காட்டுக்குள் போய்விட்டார்கள்.

அந்த இடியனின் பாட்டன் வகைத் துவக்குக்கு ஆங்கிலத்தில் மஸ்கெற் என்று பெயர். அந்தச் சொல்லுக்குள் இடியும் இல்லை, மருந்தும் இல்லை. ஒரு பறவை இருக்கிறது.

எங்கள் ஊர் வழக்கில் பிராந்து, அதாவது பருந்து, என்றால் கள்ளன். முற்றத்தில் அதன் நிழல் ஓடினாலே தாய்க்கோழி கத்தும், வீட்டுக்குள் இருப்பவர்களும் கத்திக்கொண்டு ஓடி வருவார்கள். அதற்குள் குஞ்சை இறாஞ்சிக்கொண்டு போய்விடும். ‘இறாஞ்சுதல்’ என்று இதற்கென்றே ஒரு வினைச்சொல் வைத்திருக்கிறோம். ஆனால் அந்தக் கள்ளனைப் பிடித்துக் கையில் ஏற்றி, நமக்காக வேட்டையாடப் பழக்கலாம் என்று இங்கே யாரும் மினக்கெடவில்லை. அரேபியாவிலும் பாரசீகத்திலும் ஐரோப்பாவிலும் மினக்கெட்டார்கள். தோல் கையுறை, கண்ணை மூட ஒரு சிறு தொப்பி, காலில் கட்டும் வார் என்று அது ஒரு பெருங்கலையாக வளர்ந்தது. 1486இல் இங்கிலாந்தின் சென் ஒல்பன்ஸ் நகரில் அச்சான ஒரு நூலில், எந்தத் தரத்து மனிதருக்கு எந்தப் பறவை பொருத்தம் என்று ஒரு பட்டியலே உண்டு. சக்கரவர்த்திக்குக் கழுகு. பாதிரியாருக்குக் குருவி பிடிக்கும் சிறு வல்லூறு. அதிலும் பெட்டைதான், ஏனென்றால் இந்த இனத்தில் பெட்டை பெரிது, சேவல் சிறிது. அந்தச் சின்னச் சேவலையும் வீணாக்காமல், தேவாலயத்தில் தீர்த்தம் தெளிக்கும் எடுபிடிக்கு ஒதுக்கினார்கள்.

அந்தச் சேவலின் பெயர்தான் மஸ்கெற்.

பட்டியலை எவரும் அப்படியே கடைப்பிடித்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை; சாதிப் பட்டியல் எழுதுகிறவர்களின் ஆசை எங்கும் ஒன்றுதான். ஆனால் ஆங்கிலத்தில் அந்தச் சொல் முதலில் இறகோடுதான் இருந்தது என்பதற்கு அது நல்ல சாட்சி. ஏறக்குறைய நூறு வருடம் கழித்து, 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அதே சொல் துவக்குக்கும் வந்து சேர்கிறது. புதிய ஆயுதங்களுக்கு வேட்டைப் பறவைகளின் பெயரை வைப்பது அன்றைய வழக்கம். பல்கன் என்று ஒரு பீரங்கி, அதன் குட்டி பல்கனெற், அரபு மொழியின் ‘சக்ர்’ என்ற பறவைப் பெயரிலிருந்து வந்த சேக்கர் என்று இன்னொன்று. போர்த்துக்கேயக் கப்பல்களில் இந்து சமுத்திரத்துக்கு வந்த சிறு பீரங்கிகளுக்கும் பறவைப் பெயர்தான்.

இன்னும் பின்னால் போனால் பறவையும் மறைந்து ஓர் ஈ மிஞ்சுகிறது. இத்தாலிய மொழியில் மொஸ்கா என்றால் ஈ. அதிலிருந்து பிறந்த மொஸ்கெத்தோ முதலில் சிறு வல்லூறைக் குறித்ததா, ஈப்போல விர்ரென்று பறக்கும் வில்லின் அம்பைக் குறித்ததா என்பதில் சொல்லாய்வாளர்கள் இரண்டுபட்டு நிற்கிறார்கள். ஈயில் மட்டும் சண்டை இல்லை. ஸ்பானிய மொழியில் அந்த ஈயைச் சின்னதாக்கிச் சொன்னால் மொஸ்கீத்தோ, அதாவது நுளம்பு. மஸ்கெற்றும் நுளம்பும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று வன்னியில் யாருக்காவது சொன்னால் சிரிக்கமாட்டார்கள். இரண்டையும் பார்த்த மண் இது. மலேரியா இலங்கையிலிருந்து ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் சான்று தந்ததே 2016இல்தான்.

வேட்டைப் பறவை விட்டுப்போன இறகுகள் ஆங்கிலத்தில் இன்னும் நிறையக் கிடக்கின்றன. களைத்து வாடிய முகத்தை ‘ஹகார்ட்’ என்பார்கள். அது காட்டில் முழுதாக வளர்ந்தபின் பிடிபட்ட, எளிதில் அடங்காத பறவையின் பெயர். ஆசைகாட்டி இழுப்பதற்கு ‘லூர்’ என்பார்கள். பறந்துபோன பறவையைத் திரும்ப அழைக்கச் சுழற்றும் இறகுக்கட்டு அது. லண்டனில் ‘மியூஸ்’ என்று முடியும் சிறு ஒழுங்கைகளில் சாப்பாட்டுப் பொதி கொண்டுபோய்க் கொடுக்கும் எங்கள் பிள்ளைகளும் ஒரு பறவைக் கூட்டுக்குள்தான் நுழைகிறார்கள். மியூ என்றால் இறகு உதிர்த்தல்; மாறுவதைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் பிறந்தது. சாரிங் குறொஸ்ஸில் அரசனின் பறவைகளை இறகு உதிரும் காலத்தில் அடைத்து வைத்த இடம் மியூஸ். 1534இல் அது எரிந்தது. திரும்பக் கட்டியபோது குதிரைகள் வந்தன, பெயர் போகவில்லை. பிறகு குதிரை லாயமெல்லாம் மியூஸ், லாயம் இருந்த ஒழுங்கையெல்லாம் மியூஸ். இன்று அங்கே கோடீஸ்வரர்கள் அடைந்திருக்கிறார்கள்.

திரும்ப மஸ்கெற்றுக்கு வருவோம். அது எங்கள் பக்கத்தில் நின்ற ஒரு நாளுக்குத் திகதியே உண்டு. 1803 ஓகஸ்ட் 25இல் வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கி வெள்ளைக்காரப் படையைத் துரத்தினான். தோற்றுப்போன அந்தப் படையின் தளபதி வொன் டிறிபேர்க் திரும்பி வந்து, ஒக்ரோபர் 31இல் கற்சிலைமடுவில் எதிர்பாராத நேரத்தில் வன்னியனின் படையைத் தோற்கடித்தான். வென்றவனைச் சொல்ல நட்ட கல்லால்தான் தோற்றவனின் பெயரும் அந்த இடத்தில் நின்றது. டிறிபேர்க்கின் படையின் தோளில் இருந்தவை மஸ்கெற்றுகள்.

அவற்றைப் பார்த்த வன்னியார் என்ன சொல்லியிருப்பார்கள்? துவக்கு என்றுதான். இடியனைப் போல இதுவும் எங்கள் சொந்தச் சொல் என்றுதான் நானும் கனகாலம் நினைத்திருந்தேன். இல்லை. துவக்கும், தமிழ்நாட்டார் சொல்லும் துப்பாக்கியும் ஒரே துருக்கி வேரிலிருந்து வந்தவை. 11ஆம் நூற்றாண்டில் மஹ்மூத் கஷ்காரி தொகுத்த துருக்கி அகராதியில் அந்தச் சொல்லின் பழைய வடிவம் இருக்கிறது. வெடிமருந்துத் துவக்கு பிறக்காத காலம் அது. பச்சை மரக்கொப்பின் பட்டையை உருவியெடுத்த குழல், உள்ளே சிறு உருண்டை வைத்து ஊதிச் சிட்டுக்குருவி அடிப்பதற்கு என்று பொருள் எழுதியிருக்கிறார்.

ஆக, கற்சிலைமடுவில் வந்தவர்கள் தோளில் சுமந்தது, அவர்கள் மொழியில், குருவி பிடிக்கும் பறவை. நின்றவர்கள் மொழியில் அதே சாமான் குருவி அடிக்கும் குழல்.