கடப்பாக் கல்லில் ஏறிய அடுப்பு

சென்னையிலிருந்து மும்பைக்குப் போகும் ரயில் அரக்கோணத்தில் வடக்கே திரும்பி, திருத்தணி, புத்தூர், ரேணிகுண்டா வழியாகக் கடப்பா சீமைக்குள் நுழைகிறது. 1871இல் ரெய்ச்சூரில் பம்பாய்த் தடத்தோடு இணைந்த பழைய பாதை இது. அந்தச் சீமையில் கிடைக்கும் கரிய சுண்ணாம்புக்கல் அடுக்கடுக்காகப் படிந்தது. உளியை ஓரத்தில் வைத்துத் தட்டினால் பலகை பலகையாகப் பெயர்ந்து வரும். மண்ணியலார் அதை நார்ஜி சுண்ணாம்புக்கல் என்பார்கள். மேஸ்திரிக்கும் வீட்டுக்காரருக்கும் அது கடப்பாக் கல். அலமாரித் தட்டு, பரண், துவைக்கிற மேடை என்று தமிழ்நாட்டு வீடுகளில் அது நுழையாத இடமில்லை. ஆனால் அது செய்த பெரிய வேலை வேறு: தரையில் கிடந்த அடுப்பை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி வைத்தது.

அதற்கு முன்பு சமையல் என்பது உட்கார்ந்து செய்யும் வேலை. மண்ணால் போட்ட கொடி அடுப்பில் ஒரு பக்கம் சோறு கொதிக்கும். அதே நெருப்பின் மிச்சச் சூட்டில் பக்கத்துக் கண்ணில் குழம்பு. அரிவாள்மனை, அம்மி, ஆட்டுக்கல் எல்லாமே தரையோடு தரை. தண்ணீர்க் குடம் வலக்கை எட்டும் இடத்தில், விறகு இடக்கை எட்டும் இடத்தில். மணையில் உட்கார்ந்தவர் எழாமலே பாதிச் சமையலை முடித்துவிடுவார். திட்டமிட்ட சமையலறை மேல்நாட்டிலிருந்து வந்தது என்று பேசுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். கை எட்டும் தூரமே இங்கே அளவுகோலாக இருந்தது.

இடம் எது என்பதில் மட்டும் பேச்சே கிடையாது. கோயில் மடைப்பள்ளிக்கும் சரி, குடும்பத்தின் அடுப்புக்கும் சரி, தென்கிழக்கான அக்கினி மூலை. அது முடியாவிட்டாலும் வீட்டின் பின்கட்டு. கிணறும் விறகும் கொல்லையில் இருந்தன. புகையும் அந்தப் பக்கமே போகட்டும் என்ற கணக்கு. வெளியார் கண்ணும் காலும் படக்கூடாது என்ற ஆசாரமும் அதில் கலந்திருந்தது. திருத்தணி, பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை வட்டாரத்து நெசவாளர் வீடுகளில் இன்னொரு நெருக்கடி. நல்ல வெளிச்சம் விழும் கூடத்தைத் தறி பிடித்துக்கொள்ளும். எஞ்சிய மூலைதான் அடுக்களை.

அந்த மூலையின் புகை படித்தவர்களை உறுத்தத் தொடங்கியது 1940களில். தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா வழிநடத்திய அகில இந்திய கிராமத் தொழில் சங்கம், வார்தாவின் மகன்வாடியில் புகைபோக்கியுள்ள ‘மகன் சூலா’ அடுப்பை உருவாக்கியது. ஹைதராபாத்தில் பொறியியலாளர் எஸ்.பி. ராஜு கோடிக்கணக்கான ஏழைகளுக்கான புகையற்ற சமையலறை பற்றி 1953இல் ஒரு நூலே வெளியிட்டார். இரண்டுமே அடுப்பைத் திருத்தின. சமைப்பவர் எங்கே, எப்படி இருக்க வேண்டும் என்பதில் அதிகம் கை வைக்கவில்லை.

அந்தக் கேள்வியில் கை வைத்தவர் வியன்னாவைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி. முதல் உலகப் போருக்குப் பிறகு வீட்டுப் பஞ்சத்தில் தவித்த பிராங்பர்ட் நகரில், நகரத் திட்டமிடலாளர் எர்ன்ஸ்ட் மே தலைமையில் எழுந்த தொழிலாளர் குடியிருப்புகளுக்காக அவர் 1926இல் ஒரு சமையலறையை வரைந்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். மாதிரிக்கு அவர் எடுத்துக்கொண்டவற்றில் ரயில் உணவுப் பெட்டியின் சமையலறையும் ஒன்று. ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை அடி நடை, எவ்வளவு நேரம் என்று கடிகாரம் வைத்துக் கணக்கெடுத்தார். மாவு, சர்க்கரை, அரிசிக்குக் கைப்பிடியோடு அலுமினிய இழுப்பறைகள். மடித்து வைக்கும் இஸ்திரிப் பலகை. உட்கார்ந்து காய் நறுக்கச் சுழலும் முக்காலி. சுமார் 10,000 வீடுகளில் அது பொருத்தப்பட்டது. அதை வடிவமைக்கும்வரை தான் சமைத்ததோ குடும்பம் நடத்தியதோ இல்லை என்று பின்னாளில் அவரே வெளிப்படையாகச் சொன்னார். நம் ஊரில் மேடைக்கு உயரம் சொல்லும் மேஸ்திரிகளில் எத்தனை பேர் கரண்டி பிடித்தவர்கள் என்று கேட்டால் அந்த அம்மாள்மேல் குறை சொல்லத் தோன்றாது.

தமிழ்நாட்டில் அடுப்பு மேலே ஏறியதற்கு பிராங்பர்ட் காரணமில்லை, கேஸ் காரணம். 1950களின் நடுவில் பர்மா ஷெல் நிறுவனம் பம்பாயில் சிலிண்டர் விற்கத் தொடங்கியது. 1965 அக்டோபரில் கல்கத்தாவில் முதல் இண்டேன் கேஸ் இணைப்பு தரப்பட்டது. கேஸ் அடுப்பைத் தரையில் வைக்கக்கூடாது. சிலிண்டரை நிமிர்த்தி வைத்து, அதைவிட உயரமான இடத்தில் அடுப்பை வைக்க வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. கசியும் வாயு காற்றைவிடக் கனமானது; தரையோடு தங்கும். ஆக, கேஸ் வாங்கிய வீட்டுக்கு மேடை தேவைப்பட்டது. இரண்டு பக்கமும் செங்கல் சுவர், மேலே ஒரே பலகையாகக் கடப்பாக் கல். மரத்தைக் கரையான் அரிக்கும், கான்கிரீட்டுக்குச் செலவு கூடும். கல்லோ எல்லைக்கு அப்பாலிருந்து லாரியில் வந்து இறங்கியது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. தமிழரசுக் கழகத் தலைவர் ம.பொ.சி. போராடி வாங்கிய எல்லை அது. கல்லின் போக்குவரத்தை அந்தக் கோடு தடுக்கவில்லை.

கடப்பாக் கல்லுக்கு ஒரு பலவீனம் உண்டு. சுண்ணாம்புக்கல்லுக்குப் புளிப்பு ஆகாது. கரைத்த புளி, பிழிந்த எலுமிச்சை, புளித்த மோர் எது சிந்தினாலும் பளபளப்பு போய் வெளுத்த திட்டு விழும். ரசம் வைக்காத தமிழ்ச் சமையலறை ஏது? கிரானைட் மலிந்தபோது மேடையின் முகம் மாறியதற்கு இது ஒரு காரணம். சித்தூர்ப் பக்கத்துக் ‘குப்பம் பச்சை’, பிரகாசம் மாவட்டத்துச் சீமகுர்த்தியின் ‘பிளாக் கேலக்ஸி’ என்று மேற்பரப்புக்கும் ஆந்திரக் கல்லே வந்தது. அடியில் தாங்கும் பலகையாகவும் உள்தட்டாகவும் கடப்பா நீடிக்கிறது.

இதற்கிடையே அளவுகளும் ஏட்டில் ஏறின. 1970இல் முதலில் வெளியான தேசியக் கட்டட விதித்தொகுப்பு பின்னாளில் திருத்தப்பட்ட வடிவங்களில், தனியாகச் சாப்பாட்டறை உள்ள வீட்டின் சமையலறைக்குக் குறைந்தது 5 சதுர மீட்டர் பரப்பும் 1.8 மீட்டர் அகலமும் கேட்கிறது. பிராங்பர்ட் அகலத்துக்கும் இதற்கும் நான்கு விரற்கடைதான் வித்தியாசம்.

அகலம் ஒத்துப்போனாலும் உள்ளே நடக்கும் வேலை ஒத்துப்போகவில்லை. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம் 1940களில் அடுப்பு, சிங்க், குளிர்சாதனப்பெட்டி மூன்றையும் இணைத்து ஒரு முக்கோணம் வரைந்தது. இன்றும் பிளான் போடுகிறவர்களுக்கு அதுதான் பாலபாடம். இட்லிக்கு அரைக்கும் வீட்டில் நாலாவது முனை ஒன்று உண்டு. 1955இல் கோயம்புத்தூரில் பி. சபாபதி மின்சார கிரைண்டரை உருவாக்கியபோது ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் வந்ததே தவிர, அது தரையைவிட்டு எழவில்லை. மேசை கிரைண்டர் பிறகு வந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று ஜெயலலிதா அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தைத் திருத்தணி இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கியது. அதே ஆண்டு அறிவித்த பசுமை வீட்டுத் திட்டத்தின் வீடு 300 சதுர அடி. அதற்குள் கூடம், படுக்கையறை, சமையலறை, கழிப்பறை, தாழ்வாரம் எல்லாம் அடங்க வேண்டும். கிரைண்டர் வந்தது, அதை வைக்கும் இடம் வரவில்லை. விட்டு விட்டு வரும் குழாய்த் தண்ணீரைப் பிடித்துவைக்கும் குடங்களுக்கும் அந்த முக்கோணத்தில் இடமில்லை.

அக்கினி மூலையும் விடாது. கிழக்கு பார்த்துச் சமைக்க வேண்டுமென்றால் அடுப்பு கிழக்குச் சுவரோரம். ஜன்னலும் அங்கேயே இருந்தால் காற்றில் தீ ஆடும். சிங்கை வடகிழக்குக்குத் தள்ளினால் கழிவுக் குழாய் வீட்டைச் சுற்றிவர வேண்டும். ஆறுக்கு எட்டு அடி அறையில் இந்தச் சண்டையில் அநேகமாக வாஸ்துதான் ஜெயிக்கிறது, ஜன்னல் நகர்கிறது.

இப்போது சிற்றூர்களிலும் பிளைவுட், பிவிசி பலகையில் மாடுலர் கிச்சன் பொருத்தித் தருகிறார்கள். மேடைக்கு அடியில் சிலிண்டருக்கு ஒரு கதவு. மேலே 7 அடி உயரத்தில் பரணுக்கும் ஒரு கதவு. காற்றுப் போக்கி வைக்காமல் சிலிண்டரை இப்படி அடைப்பது ஆபத்து என்பதைச் சொல்லித்தான் செய்விக்க வேண்டியிருக்கிறது. விவரம் தெரிந்த பெண்கள் இன்னொன்றையும் கேட்டு வாங்குகிறார்கள்: சிங்குக்குப் பக்கத்தில் முழங்கால் உயரத்தில் ஒரு தாழ்ந்த மேடை. கிரைண்டர் அங்கே உட்காரும். பிளக் பாயின்ட் அதற்கு மேலே, தண்ணீர் தெறிக்காத உயரத்தில். தரையிலிருந்து தூக்கி வைக்க வேண்டியதில்லை. கழுவிய தண்ணீர் நேரே சாக்கடைக் குழாய்க்குப் போய்விடும். கம்பெனிகளின் படப் புத்தகங்களில் அப்படியொரு மேடையைத் தேடினால் கிடைக்காது.