குளிர்ந்த நீரும் கோடை முற்றமும்: பாலாற்றுக் கரையின் இல்லற வரலாறு

வேலூர், மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களின் முஸ்லிம் வரலாற்றை எழுதப் புகுந்தோர் மூன்று செய்திகளைத் தவறாது பதிவு செய்துள்ளனர். ஒன்று தோல் வணிகம். மற்றொன்று அவ்வணிகத்தின் வருவாயில் எழுந்த கல்விக்கூடங்கள். மூன்றாவது உருது முஷாயிராக்கள். 1919இல் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியும், 1924இல் உமராபாத் ஜாமிஆ தாருஸ்ஸலாமும், 1965இல் மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரியும் தோன்றிய வரலாறு நம் வாசகர்கள் நன்கறிந்ததே. ஆயின் அந்தக் கல்லூரிகளுக்கு வாரி வழங்கிய வணிகர்களும், அவர்தம் தொழிற்சாலைகளில் உழைத்தோரும் தம் இல்லங்களில் எவ்வாறு வாழ்ந்தனர், கோடையின் கொடுமையை எவ்வாறு இனிமையாக்கிக் கொண்டனர் என்பது இதுவரை வரலாறாக எழுதப்படவில்லை. அது சிறிய செய்தி எனப் பலர் கருதலாம். அச்சிறிய செய்தியினுள் இந்த வட்டாரத்தின் பெரிய வழக்கொன்று அடங்கியிருக்கிறது என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரு நாட்காட்டிகள்

இந்த ஊர்களில் குடும்பம் ஒன்றுகூடும் காலத்தை இரண்டு நாட்காட்டிகள் தீர்மானித்து வந்துள்ளன. பள்ளிக்கூடங்களின் முழுஆண்டு விடுமுறை சூரிய ஆண்டைப் பின்பற்றி ஏப்ரல் இறுதியிலும் மே மாதத்திலும் வரும். அரபிக் கல்லூரிகளின் ஆண்டு விடுமுறையோ பிறை ஆண்டைப் பின்பற்றி ஷஅபான் இறுதியில் தொடங்கி, ரமலானைக் கடந்து, ஷவ்வாலில் முடியும். ஒரே வீட்டில் ஒரு மகன் பள்ளியிலும் மற்றொரு மகன் மதரஸாவிலும் பயின்றால், இருவரும் ஒருசேர வீட்டில் இருக்கும் காலம் எல்லா ஆண்டுகளிலும் வாய்ப்பதில்லை.

பிறை ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாட்கள் குறைவு. ஆகவே ரமலான் ஆண்டுதோறும் முன்னோக்கி நகர்ந்து, சுமார் 33 ஆண்டுகளில் ஒரு சுற்றை முடிக்கிறது. ஹிஜ்ரி 1338, 1372, 1406, 1440 ஆகிய ஆண்டுகளின் ரமலான் முறையே 1920, 1953, 1986, 2019 ஆகிய ஆண்டுகளின் மே மாதத்தில் தொடங்கியது. அக்கினி நட்சத்திர வெயிலும் நோன்பும் ஒன்றாய்ச் சேர்ந்த ஆண்டுகள் அவை. வேலூரில் மே மாத வெப்பம் 40 பாகை செல்சியசைக் கடப்பது வழக்கமான நிகழ்ச்சி. அவ்வெயிலில் ஏறத்தாழ 14 மணி நேரம் நீரின்றி இருப்பது எளிதன்று. எனினும் அத்தகைய ஆண்டுகளைப் பெரியோர்கள் துன்ப ஆண்டுகளாக நினைவுகூர்வதில்லை. இரு விடுமுறைகளும் ஒன்றான ஆண்டுகள், எல்லாப் பிள்ளைகளும் வீட்டில் இருந்த ஆண்டுகள் என்றே அவற்றைப் போற்றுகின்றனர்.

இவ்வாறு கூடுவதற்குப் புகைவண்டியும் துணை செய்தது. சென்னை ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையிலான இருப்புப்பாதை 1856 ஜூலை 1ஆம் நாள் திறக்கப்பட்டது. சில ஆண்டுகளில் அது ஜோலார்பேட்டை வரை நீண்டது. பதனிட்ட தோல் இப்பாதை வழியே சென்னைக்குச் சென்றது. சென்னைப் பெரியமேட்டில் தோல் மண்டி வைத்திருந்த ஆடவர்கள் அதே பாதையில் விடுமுறைக்கு ஊர் திரும்பினர்.

முற்றத்தின் ஒழுங்கு

அக்காலத்து வீடு கோடையை எதிர்கொள்ளும் வண்ணமே அமைந்திருந்தது. தெருவை நோக்கித் திண்ணை, உள்ளே தாழ்வாரம், நடுவே வானம் பார்த்த முற்றம், பின்கட்டில் கிணறு என்பது பொதுவான அமைப்பு. கோடைப் பகலின் ஒழுங்கை மார்க்கமும் வகுத்துத் தந்தது. வெப்பம் கடுமையாகும்போது லுஹர் தொழுகையைச் சற்றுக் குளிர்ந்த நேரம் வரை பிற்படுத்துமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியிருப்பதையும், கைலூலா எனப்படும் நண்பகற் சிறுதுயில் ஸுன்னத்தாகப் பேணப்படுவதையும் நாம் அறிவோம். வீடே துயிலும் அந்த நேரத்தில் துயிலாதோர் பிள்ளைகள் மட்டுமே.

அஸருக்குப் பின் வீடு விழித்தெழும். வெயிலில் காய்ந்த மொட்டை மாடிக்குக் கிணற்று நீரைச் சுமந்து சென்று தெளிப்பர். சூடேறிய தளத்திலிருந்து எழும் ஆவியும் மண்வாசனையும் அடங்கியபின், இரவில் அங்கே பாய் விரிக்கப்படும். மண்பானையிலும் நீண்ட கழுத்துடைய சுராஹியிலும் நிரப்பிய நீர் குளிர்ந்திருக்கும். நன்னாரி சர்பத்தில் ஊறிய சப்ஜா விதை மிதக்கும். நுங்கு சீவப்படும். மாம்பழங்கள் வாளி நீரில் ஊறிக் கிடக்கும். பெண்டிர் மாங்காயை நறுக்கி உப்பிட்டு ஊறுகாய்க்கு உலர்த்துவர். உருது வழங்கும் இல்லங்களில் நானியும், தமிழ் வழங்கும் இல்லங்களில் பாட்டியும் நபிமார் வரலாற்றைக் கதையாகச் சொல்ல, பனையோலை விசிறி கைமாறிக் கொண்டிருக்கும்.

நிலா ஒளிரும் இரவுகளில் குடும்பத்தோடு பாலாற்று மணலுக்குச் செல்வதும் உண்டு. பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மேலே வறண்டும் உள்ளே நீர் ஓடியும் இருந்த ஆறு. மணலைக் கையால் தோண்டினாலே ஊற்று சுரக்கும். ஆற்றுப் படுகையில் ஊற்றுக்கால்வாய் வெட்டி வயலுக்கு நீர் கொண்டு சென்ற முறை இவ்வட்டாரத்து வேளாண்மையின் அடிப்படையாக விளங்கியது. கோடையில் இந்த ஊர்களின் தாகத்தைத் தணித்தது அம்மணலுக்கு அடியில் இருந்த நீரே.

மேலே சொன்ன இன்பங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். மாடியைக் குளிர்விப்பது, பானை, சர்பத், மாம்பழ வாளி, ஆற்று ஊற்று ஆகிய அனைத்தும் காசு செலவின்றிக் கிடைத்த நல்ல நீரை நம்பியே நின்றன.

தோலும் நீரும்

அந்த நீரை நம்பியே தோல் தொழிலும் நின்றது. பழைய முறையில் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டனர். அந்த முறையிலும் கழிவு இருந்தது. எனினும் 1970களின் தொடக்கத்தில் நிலைமை பெரிதும் மாறியது. சீதாராமையா குழுவின் பரிந்துரைகளை ஏற்று, பச்சைத் தோலும் அரைப்பதனத் தோலும் வெளிநாடு செல்வதை அரசு கட்டுப்படுத்தி, முழுமை பெற்ற தோலையும் தோற்பொருள்களையும் ஏற்றுமதி செய்ய ஊக்கமளித்தது. இதனால் குரோம் உப்பைக் கொண்டு பதனிடும் முறை விரைந்து பரவியது. ஏற்றுமதி பெருகியது, காலணித் தொழிற்சாலைகள் தோன்றின, ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு ஊதியம் கிடைத்தது. அத்தொழிற்சாலைகளில் உழைப்போருள் பெண்களே மிகுதி.

குரோமியத்தைப் பற்றிப் பலரும் பேசுவர். கிணற்றை முதலில் கெடுத்தது சாதாரண உப்பு என்பதைச் சிலரே உணர்வர். உரித்த தோல் அழுகாதிருக்க உப்பிட்டுக் கொண்டு வருகின்றனர். தொழிற்சாலையில் ஊறவைக்கும்போது அவ்வுப்பின் பெரும்பகுதி நீரில் கரைந்து வெளியேறுகிறது. நீரில் கரைந்த உப்பைச் சாதாரணச் சுத்திகரிப்பு நீக்காது. எதிர்ச் சவ்வூடு பரவல் முறையாலோ, நீரை ஆவியாக்கியோதான் அதனைப் பிரிக்க முடியும். அத்தகைய ஏற்பாடுகள் வருவதற்குப் பல்லாண்டுகள் முன்பே நிலத்தடி நீரில் உப்பு ஏறிவிட்டது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28ஆம் நாள் தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்பதும், சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழாயிற்று என்பதும் அத்தீர்ப்பில் இடம்பெற்ற செய்திகள். 35 லிட்டர் என்பது ஏறத்தாழ இரண்டு குடம் நீர். ஒரு குடும்பம் கோடை மாலையில் மாடியில் தெளித்த நீரும் அவ்வளவுதான் இருக்கும். மாசுபடுத்தியோரே அதற்கான விலையைத் தரவேண்டும் என்ற நெறியை இந்தியச் சட்டத்தில் வலுவாக நிலைநாட்டிய தீர்ப்பு அது. அவ்வழக்கின் தொடர்ச்சியாக 2025 ஜனவரி 30ஆம் நாளும் உச்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீடு வழங்கி அத்தொகையை மாசுபடுத்தியோரிடம் வசூலிக்குமாறு ஆணையிட்டது. இடைப்பட்ட காலத்தில் ஒரு தலைமுறையே வளர்ந்து பெரியவர்களாகிவிட்டது. மணல் அள்ளியதால் படுகையும் தாழ்ந்து, ஊற்றுகள் மறைந்தன.

ஃபுகஹாக்களின் அளவுகோல்

இங்கு நம் பாடநூல்களின் பக்கம் திரும்புவது பொருத்தமாகும். அரபிக் கல்லூரிகளில் ஓதப்படும் ஹிதாயாவில் ‘இஹ்யாஉல் மவாத்’ என்னும் பகுதி உண்டு. பாழ்நிலத்தில் கிணறு வெட்டியவருக்கு அதனைச் சுற்றி ‘ஹரீம்’ எனப்படும் காப்பெல்லை உரியது என்றும், ஒட்டகங்களுக்கு நீர் காட்டும் கிணற்றுக்கு அது 40 முழம், ஊற்றுக்கு 500 முழம் என்றும் அங்கே கூறப்படுகிறது. அவ்வெல்லைக்குள் வேறொருவர் தோண்டி அந்த நீருக்கு ஊறு செய்யலாகாது.

குடிநீர்க் கிணற்றுக்கும் கழிவுநீர்க் குழிக்கும் இடையே எவ்வளவு தூரம் வேண்டும் என்பதையும் ஹனஃபி ஃபுகஹாக்கள் ஆராய்ந்துள்ளனர். ஐந்து முழம் என்றும் ஏழு முழம் என்றும் இரு கருத்துகள் சொல்லப்பட்டன. ஷம்ஸுல் அயிம்மா ஹல்வானீ (ரஹ்) அவர்களோ முழக்கணக்கை அளவுகோலாக ஏற்கவில்லை. நீரின் சுவையோ நிறமோ மணமோ மாறியதா என்பதையே அவர்கள் கருத்தில் கொண்டார்கள். மண் இறுகியிருந்தால் கழிவு பரவாது, இளகியிருந்தால் தொலைவிலும் பரவும். எனவே தூரம் எவ்வளவு என்பதைவிட நீர் கெட்டதா என்பதே கேள்வி. பாலாற்றுப் படுகையைப் போன்ற மணற்பாங்கான நிலத்திற்கு இந்த ஆய்வு எத்துணைப் பொருத்தமானது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

ஹல்வானீ (ரஹ்) அவர்கள் வகுத்த அதே அளவுகோலை நம் இல்லத்துப் பெண்கள் கிதாபு ஓதாமலே கையாண்டனர். பருப்பு வேக மறுக்கிறது, சவுக்காரம் நுரைக்கவில்லை, தேநீரின் சுவை மாறிவிட்டது என்று கிணற்றின் கேட்டை முதலில் அறிந்தவர்கள் அவர்களே. நீதிமன்றமும் ஆய்வுக்கூடமும் பின்னர்தான் அறிந்தன. அவர்களின் சாட்சியம் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை.

விசாரிக்கப்படும் இன்பம்

திர்மிதீயில் பதிவான நிகழ்ச்சி ஒன்று இங்கு நினைவுகூரத் தக்கது. ஒரு நாள் வழக்கமில்லாத வேளையில் நபி (ஸல்) அவர்களும், அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) ஆகிய இருவரும் பசியோடு அபுல் ஹைஸம் (ரலி) என்னும் அன்ஸாரித் தோழரின் இல்லத்திற்குச் சென்றார்கள். அவர் எங்கே என்று வினவ, நமக்காக இனிய நீர் கொண்டுவரச் சென்றுள்ளார் என அவருடைய மனைவி விடை கூறினார். தோல்பை நிறைய நீரோடு திரும்பிய அவர், விருந்தினரைத் தழுவி வரவேற்றுத் தம் தோட்டத்தில் விரிப்பு விரித்துப் பேரீச்சங்குலையைப் பறித்து வைத்தார். உண்டு பருகியபின் நபி (ஸல்) அவர்கள், குளிர்ந்த நிழலும் கனிந்த பேரீச்சம்பழமும் குளிர்ந்த நீரும் மறுமையில் விசாரிக்கப்படும் அருட்கொடைகள் என்று உணர்த்தினார்கள்.

நிழல், பழம், நீர் ஆகிய மூன்றுமே ஒரு கோடை வீட்டின் எளிய இன்பங்கள். ஆக, இல்லற இன்பங்கள் வரலாற்றில் இடம்பெறத் தகாத சிறு செய்திகள் எனும் எண்ணம் நம் மரபுக்கு உரியதன்று. அவற்றை அனுபவித்தோமா என்பதோடு விசாரணை நின்றுவிடாது. அயலாருக்கு அவற்றை விட்டு வைத்தோமா என்பதும் அதில் அடங்கும் என்பதே நம் கருத்து. தோல் வருவாயில் எழுந்த பள்ளிவாசல்களும் கல்லூரிகளும் சமுதாயத்திற்குச் செய்த தொண்டினை எவரும் மறுக்க இயலாது. நாமும் அக்கொடையால் ஓதி வளர்ந்தவர்களே. ஆயினும் அதே வருவாயின் கழிவு, ஆற்றோரச் சிற்றூர்களில் முஸ்லிம்களும் முஸ்லிம் அல்லாதாருமான உழவர்களின் கிணற்றையும் தென்னையையும் கெடுத்தது. அறக்கொடையைப் பெருமையோடு எழுதும் கை இதனையும் எழுதவேண்டும்.

2019ஆம் ஆண்டு மே மாதத்து ரமலானில் இவ்வூர்களின் பல இல்லங்களில் நோன்பு திறந்தது விலைக்கு வாங்கிய கேன் தண்ணீரால். குழாயில் வந்த நீரும் மேட்டூரிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் வழியாக வந்த காவிரி நீர். அதே ஆண்டு ஜூலை 12ஆம் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து 50 டேங்கர்களில் 25 லட்சம் லிட்டர் நீரைச் சுமந்த புகைவண்டி சென்னையை அடைந்தது. ஒரு காலத்தில் தோலைச் சுமந்து சென்ற பாதையில் இப்போது தண்ணீர் சென்றது. அதுவும் பாலாற்றின் நீர் அன்று. 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் ஓடியபோது மக்கள் பாலங்களில் திரண்டு நின்று ஆற்றைக் கண்டனர்.

நம் அரபிக் கல்லூரிகளில் ஹரீம் பற்றிய பாடம் நடக்கும்போது, மாணவர்கள் தத்தம் மஹல்லாவின் கிணறுகளைக் கணக்கெடுத்து, எந்தக் கிணறு எந்த ஆண்டில் சுவை மாறியது என்பதை மூத்த பெண்களிடம் கேட்டு எழுதுவார்களாயின், அது பாடத்திற்கு விளக்கமாகவும் வட்டாரத்திற்கு ஆவணமாகவும் அமையும். அறிந்து சொல்லக்கூடிய தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. ஹிஜ்ரி 1474ஆம் ஆண்டின் ரமலான், 2052இல் மீண்டும் மே மாதத்தை அடையும். அப்போது நம் பேரப்பிள்ளைகள் முற்றத்திலோ மாடியிலோ அமர்ந்து எந்த நீரால் நோன்பு திறப்பார்கள் என்பது, இடையிலுள்ள ஆண்டுகளில் நாம் செய்வதைப் பொறுத்தது.