மணலுக்கும் உறுதி எழுதிய ஊர்



நெய்தல் நிலத்துக்கு உரிப்பொருள் இரங்கல் என்று நம் இலக்கண நூலார் வகுத்தனர். அலையும் மணலும் உள்ள இடத்தில் பிரிந்தவரை எண்ணி வருந்துதல் இயல்பு என்பது அவர்கள் கண்ட உண்மை. ஆனால் ஒரு கடற்கரையே இரங்கலுக்குப் பொருளாக முடியுமா? ஓர் ஊரின் காணியும் மணலும் கைமாறுவதைப் பார்த்து ஒருவர் வாழ்நாள் முழுதும் வருந்துவது நியாயமா? இவ்வினாக்களை மனத்திற் கொண்டு, அமெரிக்காவின் தென்கிழக்குக் கோடியிலுள்ள புளோரிடா மாநிலத்தின் ஒரு சிறிய கரையோர ஊருக்கு இன்று உங்களை அழைத்துச் செல்லலாமென எண்ணுகின்றேன். அவ்வூரின் பெயர் அமெரிக்கன் பீச். ஜக்சன்வில் நகருக்கு வடகிழக்கே, அமெலியா தீவின் தென்பகுதியில், அத்திலாந்திக் சமுத்திரத்தைப் பார்த்தபடி அது அமைந்திருக்கின்றது.

கடல் எல்லார்க்கும் பொது என்போம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் புளோரிடாவில் அப்படி இருக்கவில்லை. பாடசாலை, புகையிரதம், உணவகம் என யாவற்றிலும் கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்து வைத்த சட்டமும் வழக்கமும் கடற்கரையிலும் கோடு கிழித்தன. ஆயிரத்துக்கு மேற்பட்ட மைல் நீளமான கரையைக் கொண்ட அம்மாநிலத்தில் ஒரு கறுப்பினக் குடும்பம் அச்சமின்றிக் கால் நனைக்கக் கிடைத்த இடங்கள் மிகச் சிலவே.

இந்த அவமதிப்புக்கு விடை தேடியவர் ஏபிரகாம் லிங்கன் லூயிஸ் என்பவர். உள்நாட்டுப் போர் முடிவடைந்த 1865ஆம் ஆண்டிலே பிறந்தவர். இளமையில் மரம் அரியும் ஆலையில் கூலி வேலை செய்தவர். 1901இல் ஜக்சன்வில்லைச் சேர்ந்த கறுப்பினத்தவர் எழுவர் கூடி ஒரு காப்புறுதிச் சங்கத்தைத் தொடங்கினர். அவ்வெழுவருள் லூயிசும் ஒருவர். வெள்ளையரின் கம்பனிகள் கறுப்பினத்தவரைப் பெரிதும் புறக்கணித்த காலம் அது. சலவைத் தொழிலாளியும் சமையற்காரியும் சிறுதொகை செலுத்தினால் நோய்க்கும் மரணச் செலவுக்கும் ஓர் உதவி கிடைக்கும் என்பதே அச்சங்கத்தின் அடிப்படை. அதுவே வளர்ந்து ஆபிரோ அமெரிக்கன் ஆயுட் காப்புறுதிக் கம்பனி ஆயிற்று. லூயிஸ் அதன் தலைவரானார், பெருஞ் செல்வருமானார்.

செல்வம் வந்தும் கடற்கரை கிடைக்கவில்லை. எனவே 1935இல், கம்பனி ஊழியரின் ஓய்வூதிய நிதியம் அமெலியா தீவில் 33 ஏக்கர் காணியை வாங்கியது. பின்னர் மேலும் இரு துண்டுகளை வாங்க, 1946 அளவில் அது 216 ஏக்கராயிற்று. தொடக்கத்தில் ஊழியர்க்கான ஓய்விடமாகவே எண்ணப்பட்டது. பின்னர் காணி துண்டு துண்டாக்கப்பட்டு, ஊழியர்க்கும் வெளியார்க்கும் விற்கப்பட்டது. தெருக்களுக்குக் கம்பனியை நிறுவியோரதும் அவர்தம் குடும்பத்தினரதும் பெயர்கள் இடப்பட்டன. ஆசிரியர்கள், மருத்துவர்கள், சிறு வியாபாரிகள் தங்கள் பெயரில் உறுதி முடித்து வீடு கட்டினர். நேற்றுவரை தாமே பிறர் சொத்தாக விற்கவும் வாங்கவும் பட்ட ஒரு மக்கள் கூட்டத்தின் பேரப்பிள்ளைகள், கடலைப் பார்த்த காணிக்குச் சொந்தக்காரராயினர். இதன் பொருளை நாம் எளிதாக எடைபோட்டுவிடக் கூடாது.

கோடை வந்தால் அயல் மாநிலங்களிலிருந்தும் பேருந்துகள் வந்து குவியும். பொரித்த மீன் மணக்கும். 'எவன்ஸ் ரோன்டேவூ' என்ற விடுதியில் இரவெல்லாம் இசை ஒலிக்கும். ரே சார்ள்ஸ், கப் கலோவே முதலிய பெரும் இசைவாணர்களும் அவ்வூருக்கு வந்தவர்களே. பிற ஊர்களில் மேடையில் பாட விட்டாலும் அறையில் உறங்க விடாத காலத்திலே, இங்கே அவர்கள் விருந்தினராக இருந்தனர். அவமானப்படாமல் இளைப்பாறலாம் என்பதே அவ்வூர் தந்த பெரும் வாக்குறுதி.

நேயர்களே, இக்குடும்பத்தின் வேர் இன்னும் ஆழமானது. லூயிசின் மனைவி மேரி, அன்னா கிங்ஸ்லி என்ற பெண்ணின் கொள்ளுப்பேர்த்தி. மேற்கு ஆபிரிக்காவின் செனகல் நாட்டிலே பிறந்த அன்னா, பதின்மூன்று வயதளவில் சிறைப்பிடிக்கப்பட்டு, 1806இல் கியூபாவின் ஹவானாவில் செபனாயா கிங்ஸ்லி என்ற தோட்டத்துரைக்கு விற்கப்பட்டவள். அவர் அவளை மனைவியாகவே கொண்டார். 1811இல் அடிமைத்தளை நீக்கினார். ஸ்பானியர் ஆட்சியில் இருந்த புளோரிடாவில் அவள் காணிக்குச் சொந்தக்காரியானாள். அடிமைகளையும் வைத்திருந்தாள். இதை மறைத்து அவளைப் போற்றுவது வரலாறாகாது.

1821இல் புளோரிடா அமெரிக்காவின் கைக்கு வந்தபின் கறுப்பினத்தவர்மீது சட்டங்கள் கடுமையாகின. குடும்பம் ஹெயிற்றிக்குப் பெயர்ந்தது. 1843இல் கிங்ஸ்லி இறந்ததும், வெள்ளையரான அவருடைய சகோதரி, கறுப்பினத்தவருக்குச் சொத்துரிமை இல்லையென மரண சாசனத்தை எதிர்த்து வழக்காடினார். அன்னா திரும்பி வந்து நீதிமன்றில் நின்றாள். ஸ்பெயினுடன் செய்த உடன்படிக்கை சுதந்திரக் கறுப்பினத்தவரின் உரிமையைக் காப்பதாகக் கூறி வாதாடி, 1846இல் வென்றாள். தானே ஒருகாலத்தில் விலைச்சீட்டில் எழுதப்பட்டவள், ஒரு மரண சாசனத்தின் பேரால் நீதி பெற்றாள். காணி உறுதி என்னும் காகிதம் அக்குடும்பத்துக்கு ஏன் மானத்தின் மறுபெயராயிற்று என்பது இப்போது விளங்கும்.

1964ஆம் ஆண்டு வந்தது. அதே புளோரிடாவில், சென். ஒகஸ்ரின் நகரில், கடல் அலைக்குள் இறங்குவதே ஒரு போராட்டமாக இருந்தது. அங்கு ஒரு விடுதியின் நீச்சற் தடாகத்தில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து குதித்தபோது, விடுதிக்காரர் நீரில் அமிலம் ஊற்றினார். அந்தப் படம் உலகெங்கும் பரவியது. அவ்வாண்டு யூலை 2ஆம் திகதி குடியியல் உரிமைச் சட்டம் கையெழுத்தாயிற்று. விடுதிகளும் உணவகங்களும் சட்டப்படி எல்லார்க்கும் திறந்தன. கடற்கரைகளிலும் கோடுகள் அழியத் தொடங்கின. செப்டெம்பரில் டோரா என்ற சூறாவளி வந்து அமெரிக்கன் பீச்சின் வீடுகள் பலவற்றைச் சிதைத்தது.

சூறாவளி உடைத்ததைத் திருத்தியிருக்கலாம். ஆனால் சட்டம் திறந்துவிட்ட வழியை யார் மூட விரும்புவர்? இதுவரை ஓரிடத்துக்கே வந்தவர்கள் இப்போது எங்கும் போகலாம், போனார்கள். அது அவர்களது உரிமை. அதற்காகவே இரத்தம் சிந்தப்பட்டது. ஆயினும், கூட்டம் குறைய விடுதிகள் மூடின. கறுப்பினத்தவருக்கென வளர்ந்த காப்புறுதிக் கம்பனியும் காலப்போக்கில் இல்லாமற் போயிற்று. இளைய தலைமுறை தொலை நகரங்களில் வேர்விட்டது. பூட்டிய வீடுகளின் உறுதிகளில் இறந்தோரின் பெயர்களே எஞ்சின.

1970களில் தீவின் தென்பகுதியில் ஒரு பெரிய உல்லாசக் குடியிருப்பு எழுந்தது. அதற்கு அமெலியா ஐலன்ட் பிளான்ரேஷன் என்று பெயரிடப்பட்டது. அடிமைகள் பருத்தி பறித்த மண்ணிலே, பெருந்தோட்டம் என்ற சொல்லையே அழகுப் பெயராக்கிக் குழிப்பந்தாட்ட மைதானங்கள் அமைத்தனர். சுற்றிலும் காணிவிலை ஏற, பழைய குடிகளின் சொத்துவரியும் ஏறியது. யாரும் துரத்தவில்லை, வரிச்சீட்டும் தரகரின் நல்ல விலையும் போதுமாயிருந்தன.

இந்நிலையில்தான் லூயிசின் கொள்ளுப்பேர்த்தி மாவீன் பெட்ச் ஊர் திரும்பினார். அமெரிக்கன் பீச் தொடங்கிய 1935ஆம் ஆண்டிலேயே பிறந்தவர். ஓபர்லின் இசைக் கல்லூரியிற் பயின்று, ஜேர்மனியில் இசைநாடக மேடைகளிற் பாடிப் புகழ் பெற்றவர். தமக்கு வந்த குடும்பச் சொத்தை இயற்கையைக் காக்கும் அமைப்புகளுக்கு அள்ளி வழங்கினார். கையில் ஏதும் இல்லாத நிலையிலும் ஊரை விட்டு நீங்கவில்லை; மணலில் ஒரு சாய்கதிரையிலே துயின்ற இரவுகளும் உண்டு. பல அடி நீளத்துக்கு வளர்ந்த சடைமுடியை வாரிக் கையிற் சுருட்டியபடி, வருவோர்க்கெல்லாம் ஊரின் வரலாற்றைச் சொன்னார். 'கடற்கரைச் சீமாட்டி' என்று அழைக்கப்பட்டார். ஜனாதிபதி றீகனின் சுற்றாடற் கொள்கையை வெறுத்து, அவர் பெயரின் முதலெழுத்தைத் தம் பெயரிலிருந்தே நீக்கிவிட்டாராம்.

அவர் உயிராய் நேசித்தது ஏறக்குறைய 60 அடி உயரமான ஒரு மணற்குன்றை. புளோரிடாவின் மிக உயர்ந்த மணற்குன்றுகளில் ஒன்று அது. 'நாநா' என அதற்குப் பெயரிட்டார். சிலர் இதைப் பித்து என்றனர். ஆனால் அக்குன்று இருந்த நிலமும் அப்போது உல்லாசக் குடியிருப்பின் உடைமையாகியிருந்தது; அங்கும் கட்டடம் எழலாம் என்பதை அவர் அறிவார். ஓயாமற் கடிதம் எழுதினார், வாதாடினார். 2002இல் ஊர், தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. 2004இல் அக்குன்று தேசிய பூங்காச் சேவையின் பொறுப்பில் வந்தது. அதை நிர்வகிக்கும் திமுக்குவன் காப்பகத்திலேயே அன்னா வாழ்ந்த கிங்ஸ்லி தோட்டமும் அடங்கியிருக்கிறது. மாவீன் 2005 செப்டெம்பரில், எழுபதாவது வயதில் காலமானார். ஊரின் வரலாற்றைச் சொல்ல ஓர் அரும்பொருட்காட்சியகம் வேண்டுமென்ற அவர் கனவு 2014இல் நிறைவேறியது. அது லூயிசின் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

நேயர்களே, அவமதிப்பிலே பிறந்த ஓர் ஊர் அழிந்தால் மகிழ வேண்டியதுதானே என்று ஒருவர் கேட்கலாம். வேலி அழிந்ததற்கு மகிழ்வோம். ஆனால் வேலிக்குள்ளே அம்மக்கள் நட்டுவளர்த்த தோட்டம் வேலியோடு சேர்ந்து அழியவேண்டும் என்பது என்ன நியதி? விடுதலை வந்த பிறகும் நமக்கென்று ஓர் இடம் வேண்டும் என்பதை அம்மூதாட்டி அறிந்திருந்தார். லூயிஸ் காணிக்கு உறுதி முடித்தார். கொள்ளுப்பேர்த்தியோ தம் பெயரில் ஒரு பரப்பும் மிஞ்சாத நிலையில் அம்மணலுக்குக் காவல் நின்றார். இருவருள் எவர் உண்மையான சொந்தக்காரர் என்று என்னைக் கேட்டால், நான் அந்த மணற்குன்றைத்தான் காட்டுவேன். குன்றின்மீது வீடு எதுவும் இல்லை. காற்று வீசும்போது மணல் சற்றே நகர்கின்றது, குன்று நிற்கின்றது.