தலைக்கு எவ்வளவு ஆகும்? - ஒரு பனிச்சறுக்குக் கணக்கு

எங்கள் முடிச்சூர் பக்கத்தில் டூர் என்றால் வேன் டூர்தான். தெருவில் யாராவது ஒருவர் முன்னே நின்று பெயர் எழுதுவார். வண்டி வாடகை, டீசல், டிரைவர் பேட்டா, ரூம், சமையல் ஆள் எல்லாவற்றையும் கூட்டி, பதினெட்டால் வகுத்து, "தலைக்கு இவ்வளவு" என்று சொல்லிவிடுவார். கொடுத்துவிட்டால் ஊர் திரும்பும்வரை பையில் கை விட வேண்டாம். கடைசி நிமிடத்தில் இரண்டு பேர் வரவில்லை என்றால்தான் சண்டை.

போன மாதம் வகுப்பு நண்பன் ஒருவன் குல்மார்க்கில் பனிச்சறுக்குப் பயிற்சிக்குப் போகலாம் என்று ஆரம்பித்தான். "தாம்பரத்துல ஃபேன் இல்லாம தூங்க முடியல, உனக்குப் பனிச்சறுக்கு கேக்குதா?" என்று எல்லோரும் ஓட்டினோம். அவன் விடவில்லை. தங்க இடம், சாப்பாடு, பலகை, பூட்ஸ், கற்றுக்கொடுக்க ஆள் எல்லாம் சேர்த்து ஒரே கட்டணம்டா என்றான். அட, இது நம்ம வேன் டூர் கணக்காச்சே என்று தோன்றியது. இந்தக் கணக்கைப் பனிமலைக்கு முதலில் கொண்டுபோனது யார் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். தேடல் கடைசியில் மெட்ராஸில் வந்து நின்றது!

கதாநாயகன் பெயர் ஹென்றி லன். இங்கிலாந்தில் லிங்கன்ஷையரைச் சேர்ந்தவர், 1859-ல் பிறந்தவர். மெதடிஸ்ட் சபையில் குருப்பட்டம் பெற்று, டப்ளினில் மருத்துவமும் படித்து, 1887-ல் மிஷனரியாக இந்தியாவுக்கு வந்தார். மெட்ராஸில் அவர் இருந்தது ஏறக்குறைய ஒரு வருடம்தான். உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. 1888-ல் ஊர் திரும்பிவிட்டார். திரும்பும்போது கையில் ஒரு குழந்தை. அந்த வருடம் ஏப்ரலில் மெட்ராஸில் பிறந்த மகன் ஆர்னால்ட். இந்தக் குழந்தையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருவான்.

ஊர் போன ஹென்றி சும்மா இருக்கவில்லை. 1889, 1890 வாக்கில் சபையின் பத்திரிகை ஒன்றில் இந்திய மிஷனரிகளின் வாழ்க்கையைக் கிழிக்கும் கட்டுரைகள் வெளிவந்தன. விஷயம் இதுதான்: பங்களா, வேலைக்காரர்கள் என்று வெள்ளைக்கார அதிகாரிகள் மாதிரியே மிஷனரிகளும் வசதியாக வாழ்கிறார்கள், இப்படி இருந்தால் ஏழை ஜனங்கள் எப்படி நெருங்கி வருவார்கள்? சபைக்குள் பெரிய ரகளை. விசாரணைக் குழு போட்டார்கள். தீர்ப்பு மிஷனரிகள் பக்கம் போனது. கொஞ்ச காலத்தில் ஹென்றி அந்தச் சபையின் ஊழியத்தையே விட்டு விலகினார்.

யார் எவ்வளவு வசதியில் வாழலாம் என்று மெட்ராஸை வைத்துச் சண்டை போட்ட மனிதர் அடுத்து என்ன செய்தார் தெரியுமா? டிராவல் ஏஜென்சி ஆரம்பித்தார் :-)

அதுவும் திட்டம் போட்டு அல்ல. பல கிறிஸ்தவ சபைகளை ஒன்று சேர்த்துப் பேசவைக்க வேண்டும் என்று 1892-ல் சுவிட்சர்லாந்தின் கிரின்டல்வால்டில் ஒரு மாநாடு கூட்டினார். பாதிரியார்களை அழைத்துப் போக வேண்டும், ரயில் டிக்கெட், ஓட்டல், சாப்பாடு எல்லாம் மொத்தமாகப் பேச வேண்டும். மொத்தமாகப் பேசினால் விலை குறைகிறது. ஒன்றாகாத சபைகள் ஒன்றாகவில்லை. ஆனால் டூர் நன்றாக நடந்தது. வரலாற்றில் பல பெரிய வியாபாரங்கள் இப்படிப் பக்கவிளைவாகத்தான் பிறந்திருக்கின்றன என்று நினைக்கிறேன்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சுவிட்சர்லாந்துக்குக் கூட்டம் கூட்டமாக ஆள் கொண்டுபோனது ஹென்றி முதல் ஆள் இல்லை. தாமஸ் குக் 1863-லேயே கொண்டுபோய்விட்டார். ஆனால் அது கோடைகாலம். குளிர்காலத்தில் ஆல்ப்ஸ் மலையின் பெரும்பாலான ஓட்டல்கள் பூட்டியே கிடக்கும். செயின்ட் மோரிட்ஸ் போல ஒன்றிரண்டு ஊர்களில்தான் பணக்காரர்களும் நோயாளிகளும் குளிர்காலம் முழுக்கத் தங்குவார்கள். நடுத்தர வர்க்கத்துக்கு அங்கே வேலை இல்லை.

பூட்டிக் கிடக்கும் ஓட்டலுக்கு என்ன வாடகை கேட்க முடியும்? ஊட்டியில் மழைக்காலத்தில் ரூம் எடுத்தவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும். ஹென்றி ஓட்டலை முழுசாகக் குளிர்காலத்துக்குப் பேசி எடுத்துக்கொண்டார். ரயில், ஓட்டல், சாப்பாடு சேர்த்து ஒரே விலை. 1898-ல் சமோனிக்கு ஒரு கூட்டத்தை அழைத்துப் போனார். அங்கேதான் மெட்ராஸில் பிறந்த ஆர்னால்ட், பத்து வயதில், முதல் தடவையாகக் காலில் பனிச்சறுக்குப் பலகை கட்டினான். 1910-11 குளிர்காலத்தில் மியூரன் என்ற மலைக்கிராமத்தின் ரயிலைக் குளிர்காலத்திலும் ஓட்டவைத்தார்கள். அதுவரை அந்த ஊர் குளிர்காலத்தில் வெளியூர்க்காரர்களுக்கு மூடிய ஊர்.

இதுவரை படித்தபோது ஹென்றி மீது எனக்கு நல்ல மரியாதை. அடுத்தது கொஞ்சம் உறுத்தியது. 1905-ல் அவர் "பப்ளிக் ஸ்கூல்ஸ் ஆல்பைன் ஸ்போர்ட்ஸ் கிளப்" என்று ஒன்று தொடங்கினார். (இங்கிலாந்தில் 'பப்ளிக் ஸ்கூல்' என்றால் அரசுப் பள்ளி இல்லை. ஈட்டன், ஹாரோ மாதிரி காசு கொட்டிப் படிக்கும் பள்ளி. பெயர் வைப்பதில் ஆங்கிலேயரை அடிக்க முடியாது.) அந்த மாதிரிப் பள்ளியிலோ பல்கலைக்கழகத்திலோ படித்தவர், ராணுவ அதிகாரி என்று தகுதி பார்த்துத்தான் உறுப்பினர் சேர்க்கை. பல ஓட்டல்கள் அந்தக் கிளப்புக்கே ஒதுக்கப்பட்டன. டூர் கம்பெனி டிக்கெட்டில் வருகிறோம் என்ற கூச்சம் வாடிக்கையாளருக்கு இருக்கக்கூடாது என்பதற்காக, கிளப் என்ற போர்வை. மெட்ராஸில் பங்களாவுக்கும் தெருவுக்கும் நடுவே இருந்த சுவரைப் பார்த்துக் கொதித்தவர், மலை உச்சியில் தானே ஒரு சுவர் கட்டினார். விலையைக் குறைத்தார், ஆனால் யாருக்கு என்பதில் கவனமாக இருந்தார். 1910-ல் அவருக்கு சர் பட்டமும் கிடைத்தது.

இப்போது மகன். ஆர்னால்ட் லன் 1909-ல் வேல்ஸில் மலையேறும்போது விழுந்து கால் நொறுங்கியது. ஒரு கால் மற்றதைவிடச் சுமார் இரண்டு அங்குலம் குட்டை. காயம் பல வருடம் ஆறவில்லை. நம் வீட்டில் என்றால் மலைப்பக்கம் தலைவைத்துப் படுக்க விட்டிருக்க மாட்டார்கள். அவரோ 1911 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் மொன்டானாவில் ஒரு பந்தயமே ஏற்பாடு செய்தார். பனியாற்றின் மேலிருந்து எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பி யார் முதலில் கீழே வருகிறார் என்று பார்ப்பது. மலையிறங்கும் பந்தயங்களில் இது முன்னோடி.

பரிசுக் கோப்பையின் பெயர் 'ராபர்ட்ஸ் ஆஃப் காந்தஹார்'. ஆப்கானிஸ்தான் காந்தஹாரேதான்! 1880-ல் காபூலிலிருந்து காந்தஹாருக்குப் படையை நடத்திப் போன தளபதி ராபர்ட்ஸ் கொடுத்த கோப்பை. இவர் 1881 முதல் 1885 வரை மெட்ராஸ் ராணுவத்தின் தலைமைத் தளபதி. அவர் பட்டத்தில் இருந்த ஊரின் பெயர் கோப்பைக்கு வந்தது, பிறகு 1924-ல் மியூரனில் தொடங்கிய கிளப்புக்கு வந்தது, அங்கிருந்து பந்தயங்களுக்கு ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் உலகக்கோப்பைப் பந்தயம் நடக்கும் சரிவுக்குக் 'காந்தஹார்' என்றுதான் பெயர்.

1922 ஜனவரியில் மியூரனில் ஆர்னால்ட் செய்த வேலைதான் இன்றுவரை நிற்கிறது. ஸ்லாலம் என்ற சொல் நார்வேக்காரர்களுடையது. ஆனால் அந்தக் காலத்தில் வளைந்து இறங்குவதை அழகுக்கு மார்க் போட்டுத்தான் தீர்மானித்தார்கள். பரதநாட்டியப் போட்டி மாதிரி. ஆர்னால்ட் இரண்டிரண்டு கொடிகளாக நட்டு, அவற்றுக்கு நடுவே புகுந்து வர வேண்டும், யார் குறைந்த நேரத்தில் வருகிறார் என்று கடிகாரம் மட்டும் சொல்லட்டும் என்றார். மரங்கள் அடர்ந்த சரிவில் சட்டென்று திரும்பத் தெரியாவிட்டால் உயிர் போகும், அதற்குப் பயிற்சி இதுவே என்பது அவர் வாதம். நார்டிக் நாட்டுக்காரர்கள் முதலில் ஏற்கவில்லை. 1930-ல் சர்வதேசச் சம்மேளனம் ஒப்புக்கொண்டது. 1931-ல் முதல் உலகச் சாம்பியன்ஷிப் மியூரனிலேயே நடந்தது. 1936 குளிர்கால ஒலிம்பிக்கில் ஸ்லாலம் சேர்ந்தது.

அப்பா ஒதுக்கி வைத்தவர்களுக்கு மலை எப்போது திறந்தது? ஒரே நாளில் இல்லை. எனக்குப் பிடித்த ஆள் எர்னா லோ. வியன்னாவிலிருந்து லண்டனுக்குப் படிக்க வந்த பெண். ஊருக்குப் போக ஆசை, கையில் காசில்லை. 1932-ல் பத்திரிகையில் ஒரு வரி விளம்பரம் கொடுத்தார். ஆஸ்திரியாவுக்கு இரண்டு வாரப் பனிச்சறுக்குப் பயணம், எல்லாம் சேர்த்து 15 பவுண்டு. எந்தப் பள்ளியில் படித்தாய் என்று கேட்கவில்லை. ஆள் சேர்ந்தது, தன் பயணச் செலவும் அதிலேயே தீர்ந்தது. அப்புறம் அதுவே அவர் பெயரில் கம்பெனியானது. வேன் டூரில் முன்னே நின்று பெயர் எழுதுபவருக்கு ஒரு சீட் இலவசம் என்பது நம் ஊர் வழக்கம். எர்னா செய்ததும் அதேதான்!

இனி நண்பனின் குல்மார்க். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2650 மீட்டர் உயரம். 1927-ல் ஆங்கிலேயர்கள் அங்கே இந்தியாவின் ஸ்கீ கிளப்பைத் தொடங்கினார்கள். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் கூடிச் சறுக்குவார்கள். மியூரன் மாதிரியே இதுவும் ஆட்சியில் இருந்தவர்களின் விடுமுறை. 1947-க்குப் பிறகு ராணுவம் 1948-ல் தன் பனிச்சறுக்குப் பள்ளியை அங்கே ஆரம்பித்தது. 1968-ல் ரூடால்ஃப் மாட் என்ற நிபுணர் வந்து பார்த்து, குளிர்கால விளையாட்டுக்குக் குல்மார்க்தான் சரியான இடம் என்று சொன்னார். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பயிற்சி நிலையம் அதை ஒட்டி வந்தது. கொண்டோலா என்கிற கம்பிவட வண்டிக்கு 1988-ல் வேலை தொடங்கி, காஷ்மீர் பற்றி எரிந்த வருடங்களில் நின்றுபோய், 1998-ல் முதல் கட்டமும், 2005-ல் இரண்டாம் கட்டமும் திறந்தன.

எனக்கு முக்கியமாகப் படுவது கொண்டோலா இல்லை, பயிற்சி நிலையம். பனிச்சறுக்கில் பனி இலவசம். காசைத் தின்பது பலகை, பூட்ஸ், மேலே ஏற்றிவிடும் வண்டி, ஆசிரியர், அறை. இதெல்லாம் தனித்தனியாகக் கேட்டால் மாணவனுக்குக் கட்டுப்படியாகாது. குல்மார்க்கிலும், மணாலியில் 1961-ல் தொடங்கிய மலையேற்ற நிலையத்திலும், உத்தராகண்டின் ஔலியில் மாநிலச் சுற்றுலாக் கழகத்திலும் அரசு ஒரே கட்டணத்தில் முகாம் நடத்துவதால்தான் நம்மைப் போன்றவர்கள் இதைப் பற்றிப் பேசவே முடிகிறது. ஹென்றி லன்னின் கணக்கு அப்படியே இருக்கிறது, கிளப் மட்டும் இல்லை.

2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்குக்கு இந்தியாவிலிருந்து போனது ஒரே ஒருவர், ஆரிஃப் கான். குல்மார்க் பக்கத்துப் பையன். அப்பா அங்கே பனிச்சறுக்குச் சாமான் கடை வைத்திருந்தவர். ஜெயன்ட் ஸ்லாலத்தில் 45-வது இடம். ஸ்லாலத்தில் ஓட்டத்தை முடிக்க முடியவில்லை. மெட்ராஸில் பிறந்தவர் வகுத்த பந்தயத்தில், ஒரு காலத்தில் துரைமார்கள் சறுக்கிய சரிவில் பழகிய காஷ்மீர்ப் பையன் நின்றான் என்பதை நினைத்தால் 45 எனக்குக் குறைவாகத் தெரியவில்லை.

இரண்டு விஷயங்களை நண்பனிடம் சொல்லிவிட்டேன். ஒன்று, ஔலி. ஜோஷிமட் நகரில் நிலம் இறங்கி வீடுகள் விரிசல்விட்டபோது, 2023 ஜனவரியில் அங்கிருந்து ஔலிக்குப் போகும் ரோப்கார் நின்றது. வீட்டை இழந்த ஊர் வழியாக விளையாடப் போவது எனக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது. ஆனால் சுற்றுலாவை நம்பிய அந்த ஊர்க்காரர்கள் யாரும் வரவேண்டாம் என்று சொல்லப்போவதும் இல்லை. இன்னொன்று, பனி. 2024 ஜனவரியில் குல்மார்க் புல்தரையாகக் கிடந்தது. 2025-ல் பனி போதாமல் கேலோ இந்தியா குளிர்காலப் போட்டியையே தள்ளிவைத்தார்கள். இலவசம் என்று மேலே எழுதினேனே, அந்தச் சாமான்தான் இப்போது தட்டுப்பாடு.

அவன் கேட்டுக்கொண்டு, "அப்ப பிப்ரவரிக்கு வெச்சுக்கலாம்" என்றான். நோட்டில் பெயர் எழுத ஆரம்பித்திருக்கிறான். ரயில் டிக்கெட்டோடு சேர்த்துத் தலைக்கு எவ்வளவு என்று இன்னும் வகுக்கவில்லை. இதுவரை ஐந்து பேர், என்னையும் சேர்த்து. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.