இரண்டு பவுன் பித்தளை

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவில் நகைக்கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் எனக்குப் பழக்கம். போன மாதம் அவரிடம் ஒரு பித்தளைக் குழலை நீட்டினேன்.

"இதக் கொஞ்சம் நிறுத்துச் சொல்லுங்க பாய்."

நடுவிரல் நீளம் இருக்கும். ஒரு முனை திறந்து, அங்கே லேசாகக் கழுத்து குறுகியிருக்கும். மறுமுனை மூடியது. அந்த மூடிய அடிக்குச் சற்று மேலே சுற்றிலும் ஒரு தடித்த வளையம். பாய் தராசில் வைத்தார்.

"பதினாறு கிராம் சொச்சம். ரெண்டு பவுன் வருது தம்பி. ஆனா இந்தத் தெருவுல பித்தளைய யாரு வாங்குவா?" என்று சிரித்தவர், அடியைத் திருப்பி எழுத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். "தோட்டாவா இது? முதல்ல பையில போடுங்க."

வெறும் கூடுதான், வெடித்துத் தொண்ணூறு வருடம் ஆகப்போகிறது. ஆனாலும் பாயைக் குறை சொல்ல முடியாது. 1971ஆம் ஆண்டுச் சட்டம் வந்த நாளிலிருந்து, துப்பாக்கி என்றாலே தூக்குக்கயிறு நினைவுக்கு வரும் நாடு இது. பையில் போட்டுக்கொண்டேன்.

அந்தக் கூடு கிள்ளானில் என் தாத்தா வீட்டுச் சாமி அலமாரியில் இருந்தது. முருகன் படத்துக்கு முன்னால் ஒரு மரப்பலகை. அதில் தாத்தா ஒரு துளை போட்டு, பலகையைத் தூக்கிக் கீழிருந்து மேலாகக் கூட்டை நுழைத்திருந்தார். வளையம் துளையில் தட்டி நின்றுவிடும். அதற்கு மேல் போகாது. திறந்த வாயில் பாட்டி ஊதுவத்தி செருகுவார். தாத்தா கோல சிலாங்கூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். இளம் பால்மரங்களை மிதித்து நாசம் செய்த யானையைத் துரை சுட்டபோது தெறித்து விழுந்தது என்பார். "தோட்டத்துல கிடைச்ச தோட்டா" என்று அவரே சொல்லி அவரே சிரிப்பார். அடியில் கைனாக் என்ற பர்மிங்காம் கம்பெனியின் பெயரும் 375 என்ற எண்ணும் இருக்கின்றன. துப்பாக்கிக்காரர்கள் இதை 375 மேக்னம் என்கிறார்கள். குண்டின் குறுக்களவு 0.375 அங்குலம், ஒன்பதரை மில்லிமீட்டர்.

முதலில் அந்தப் பெயர். மேக்னம் என்பது மதுபாட்டில் கணக்கு. இரண்டு பாட்டில் அளவு, அதாவது ஒன்றரை லிட்டர், ஒரே பாட்டிலில் வந்தால் அது மேக்னம். வழக்கத்தைவிட அதிக வெடிமருந்து கொள்ளும் தோட்டாவுக்கு 19ஆம் நூற்றாண்டுப் பிரிட்டிஷ் துப்பாக்கிக் கடைக்காரர்கள் அந்தப் பெயரைத் தூக்கி வைத்துவிட்டார்கள். வாடிக்கையாளர்கள் எல்லாரும் ஷாம்பெயின் குடிக்கிற ஆட்கள். விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மஸ்ஜித் இந்தியாவுக்கு அடுத்த தெருவில், அந்நாளைய பத்து ரோட்டில், 1921இல் திறந்த கொலிசியம் கஃபேயில் துரைமார்கள் வந்து குடித்துக் கதையளந்தார்களே, அங்கே இந்தச் சொல் இரண்டு பொருளிலும் புழங்கியிருக்கும்.

பெயர் வருவதற்கு முன்பே தேவை வந்துவிட்டது. யானைக்கும் காட்டெருதுக்கும் பெரிய அடி வேண்டும். கருமருந்துக் காலத்தில் அதற்கு ஒரே வழி, எல்லாவற்றையும் பெரிதாக்குவது. இலங்கையில் நுவரெலியாவில் 1848 முதல் சில வருடம் பண்ணை வைத்திருந்த சாமுவேல் பேக்கருக்கு, 1840இல் பிரிஸ்டல் நகரத்து கிப்ஸ் ஒரு ரைபிள் செய்து கொடுத்தார். எடை 21 பவுண்டு, ஒன்பதரை கிலோ. உருண்டைக் குண்டு 3 அவுன்ஸ். மருந்து 16 டிராம், அதாவது முழுசாக ஓர் அவுன்ஸ். ஒவ்வொரு வெடிக்கும் மருந்தை அளந்து கொட்டி, குண்டை வைத்துக் கிட்டிக்க வேண்டும். அந்த உருண்டைக் குண்டுக்கும் இடுப்பில் ஒரு பட்டி உண்டு. குழலின் வரிப்பள்ளத்தில் அது பதிந்து ஓடும். என் கூட்டிலுள்ள பட்டிக்கு வேறு வேலை, ஆனால் பெயர் அதேதான்.

அன்றைக்கு வேட்டைக்காரன் என்றாலே தன் கையால் தோட்டா கட்டுகிறவன்தான். வெறும் ஈயம் யானை மண்டையில் பட்டால் அப்பமாக நசுங்கிவிடும். அதனால் வெள்ளீயம் கலந்து கெட்டிப்படுத்தினார்கள். வெள்ளீயத்துக்காகவே 1857இல் பிறந்த ஊர் கோலாலம்பூர் என்பதைப் போகிற போக்கில் சொல்லிவைக்கிறேன்.

1889இல் இங்கிலாந்தில் ஏபெல், டிவார் என்ற இருவர் கார்டைட் என்ற புகையற்ற மருந்தைக் கண்டுபிடித்தார்கள். நைட்ரோகிளிசரினும் வெடிப்பஞ்சும் வாசலினும் சேர்த்துப் பிசைந்து, அச்சில் பிழிந்து எடுப்பது. பார்க்க இடியாப்பம் மாதிரியேதான் இருக்கும். அந்த நூல்களைக் கத்தையாக வெட்டிக் கூட்டுக்குள் நிறுத்துவார்கள். சின்னத் தோட்டாவிலேயே பெரிய வேகம், கண்ணை மறைக்கப் புகையும் இல்லை. ஆனால் வீட்டில் கட்ட முடியாது. ராணுவத்தின் 303 தோட்டாவில், நூலை உள்ளே வைத்த பிறகுதான் கூட்டின் கழுத்தையே குறுக்குவார்கள். அது தொழிற்சாலை வேலை. தோட்டா கட்டுவது வேட்டைக்காரன் கையைவிட்டுப் போனது அப்போதுதான்.

நம் ஊர் வெயில் இந்தக் கதைக்குள் நுழைவதும் இங்கேதான். கார்டைட்டுக்குச் சூடு ஆகாது. லண்டன் குளிரில் சாதுவாக வெடிக்கும் தோட்டா, சேலத்து மேமாத வெயிலிலோ பகாங் காட்டுப் புழுக்கத்திலோ கிடந்தால் அழுத்தம் எகிறிவிடும். கூடு விரிந்து குழலோடு ஒட்டிக்கொள்ளும். காயம்பட்ட காட்டெருது முப்பது அடியில் திரும்பி நிற்கும்போது, வெற்றுக்கூடு கழலாமல் நின்றால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. கம்பெனிகள் வெப்ப நாடுகளுக்கென்று மருந்தைக் குறைத்துத் தனியாகத் தோட்டா கட்டி அனுப்பின. அரசாங்கமும் 1903இல் இந்தியாவில் கார்டைட் தொழிற்சாலை தொடங்க இடம் தேடியபோது, சமவெளியை விட்டுவிட்டு நீலகிரிக்கு ஏறி அருவங்காட்டில் உட்கார்ந்தது. குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் போகும் மலைரயிலில் வரும் நிறுத்தம்தான். அந்தக் குளிருக்கும் இந்த மருந்துக்கும் பொருத்தம் என்பது என் ஊகம்.

வெயில் ஒரு பக்கம் வடிவத்தைத் தீர்மானித்தது என்றால், மறுபக்கம் சர்க்கார் உத்தரவு அளவைத் தீர்மானித்தது. இது நல்ல வேடிக்கை. அந்நாளில் பெருவேட்டைக்குப் பேர்போன அளவு 450. பழைய ராணுவத் துப்பாக்கியான மார்ட்டினி ஹென்றியும் அதே அளவு. வடமேற்கு எல்லையில் கலகக்காரர்கள் கையில் மார்ட்டினிகள் நிறைய. வேட்டைத் தோட்டா அவர்கள் கைக்குப் போய்விட்டால்? 1907 வாக்கில் இந்தியாவிலும் சூடானிலும் 450 அளவுத் தோட்டாவுக்குத் தடை விழுந்தது. கடைக்காரர்கள் மண்டையைச் சொறிந்துகொண்டு நிற்கவில்லை. ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் 465 என்று ஒன்றைக் கொண்டுவந்தது, ஜோசப் லாங் கடையின் 470 வந்தது, 475 வந்தது, வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் 476 என்றது. யானைக்கு இவற்றுக்குள் வித்தியாசம் தெரிந்திருக்காது. சுங்கத் தாளில் எண் வேறாக இருந்தால் போதும். சரக்கு கரை இறங்கிவிடும். இன்றைக்கும் ஒரு வரி வந்தால் பொட்டலத்தின் அளவை மாற்றுகிற வியாபாரம் எனக்குத் தெரியும்.

இந்தப் பெரிய தோட்டாக்களெல்லாம் இரட்டைக்குழல் ரைபிளுக்கானவை. கையால் இழைத்துச் செய்வதால் விலை யானை விலை. ஜெர்மன்காரர்கள் சாதாரண மௌசர் ரைபிளிலேயே வேலையை முடிக்கப் பார்த்தார்கள். பெர்லினில் ஓட்டோ போக் என்பவர் 1905இல் 9.3 மில்லிமீட்டர் தோட்டா ஒன்றைச் செய்தார். ஆப்பிரிக்காவில் குடியேறிய ஜெர்மானிய விவசாயிகள் அதை அள்ளிக்கொண்டு போனார்கள். லண்டன் கடைகளுக்கு வயிற்றெரிச்சல். 1912இல் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் விடுத்த பதில்தான் என் பாட்டியின் ஊதுவத்தித் தாங்கி.

அதைக் கையில் வைத்து உருட்டினால் மேலே சொன்னதெல்லாம் விரலில் தட்டுப்படும். அடியிலிருந்து வாய்வரை உடம்பு மெல்லச் சரிகிறது: வெயிலில் எவ்வளவு விரிந்தாலும் சட்டென்று கழன்று வர. தோள்பட்டை இருக்கிறதா என்றே சந்தேகப்படும் அளவுக்குச் சாய்வு: கார்டைட் நூல் நீளவாக்கில் நிற்க. நல்ல தோள் இருந்தால் தோட்டா குழலுக்குள் அதில் முட்டி நிற்கும். அளவுக்கு மேல் உள்ளே போகாது. தோள் சாய்ந்துவிட்டதால் நிறுத்துவதற்கு வேறொன்று வேண்டியிருந்தது. அதற்குத்தான் அடியில் ஒட்டியாணம் மாதிரி அந்தப் பட்டி. 1905இலேயே வேறொரு தோட்டாவில் அதே கம்பெனி போட்டுப் பார்த்த யோசனை. தாத்தாவுக்கு இதெல்லாம் தெரியாது. ஆனால் பலகையில் துளை போட்டு அவர் செய்த ஏற்பாடும் லண்டன்காரன் செய்த ஏற்பாடும் ஒன்றேதான்.

19 கிராம் குண்டு, விநாடிக்கு 760 மீட்டர் வேகத்தில். மானுக்கும் ஆகும், யானைக்கும் ஆகும். புலிக்கு மூக்கு மெத்தையான குண்டு, யானைக்கு முழுக்கவசக் குண்டு. மெத்தை மூக்குக்கு இன்னொரு பெயர் கல்கத்தாப் பக்கத்து டம்டம். அங்குள்ள ஆயுதச்சாலையில் 1890களில் ராணுவத்துக்காகச் செய்ததை, போரில் மனிதர்மேல் சுடக் கூடாது என்று 1899இல் ஹேக் மாநாடு விலக்கியது. விலங்குக்கு விலக்கு இல்லை.

பட்டி போட்ட கூடு அமெரிக்காவுக்குப் போனதும் கைத்தொழில் திரும்பி வந்தது. மணிமணியான புது மருந்துகள் வந்துவிட்டன. வீட்டு மேசையில் நிறுத்துப் போடலாம். பழைய வெடிகேப்பைத் தட்டி எடுத்து, விரிந்த கூட்டை அச்சில் அழுத்தி அளவுக்குக் கொண்டுவந்து, புதுக் கேப்பு வைத்து, மருந்தை நிறுத்துக் கொட்டி, குண்டைச் செருகுவார்கள். நிறுவை கிரெய்ன் கணக்கு. இரண்டு கிரெய்ன் ஏறக்குறைய நம் பத்தரின் ஒரு குன்றிமணி. அவர்கள் தராசும் பாய் கடைத் தராசும் ஒரே சாதி. இதே கூட்டை வெட்டி, விரித்து, கழுத்தைக் குறுக்கி, கலிபோர்னியாவில் ராய் வெதர்பி 1945இல் ஒரு கம்பெனியே தொடங்கினார். 1956இல் வின்செஸ்டர் கம்பெனி அதே பட்டியோடு 458 மேக்னத்தைக் கொண்டுவந்தது. சாதாரண ரைபிளில் அடங்க வேண்டுமென்று கூட்டைக் குட்டையாக்கியதில், மருந்தைத் திணித்து அழுத்த வேண்டியதாயிற்று. நாள்பட்டால் மருந்து கட்டிதட்டி, வேகம் குறைந்தது. ஆப்பிரிக்க எருமை முன்னால் நிற்கும்போது வேகம் குறைவது நல்லதல்ல. கடைத்தோட்டாவை நம்பாமல் தானே கட்டிக்கொள்கிற பழக்கம் இதனால் இன்னும் வலுத்தது. 1960களின் பிற்பகுதியில் கைனாக் பெருந்தோட்டாக்களைக் கைவிட்ட பிறகு, பழைய இரட்டைக்குழல்களுக்குச் சோறு போட்டதும் இந்த மேசைத் தராசுக்காரர்கள்தான்.

அவர்கள் ஒன்று சொல்வார்கள். இந்தக் கூட்டைத் திரும்பத் திரும்பக் கட்டினால், பட்டிக்குச் சற்று மேலே பளபளவென்று ஒரு கோடு விழும். கோடு விழுந்த கூட்டைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும்; அடுத்த வெடியில் அங்கேதான் அறும். என் கூட்டில் கோடு இல்லை. ஒரே ஒரு தடவை வெடித்தது. இங்கே யாரும் அதைத் திரும்பக் கட்டப் போவதும் இல்லை; 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம்.

பாய் கடையிலிருந்து ரயிலைப் பிடிக்க மஸ்ஜித் ஜாமெக் பக்கம் நடந்தேன். ஐந்து நிமிடம். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் முனையில் 1909இல் திறந்த அந்தப் பள்ளிவாசலை வரைந்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பக். ரயில் நிலையமும் அவர் கைவேலை. அவருடைய தம்பி தியோடர் ஹப்பக் வேட்டைக்காரர். மலாய் மாநிலங்களில் யானையும் செலாடாங்கும் சுட்டதைப் பற்றி 1905இலேயே புத்தகம் போட்டவர். செலாடாங் என்பது நம் காட்டெருதுதான். ஆண் எருது ஒரு டன் எடை வரும்.

அந்தத் தம்பிதான் பிறகு மாறினார். சுட்டுச் சுட்டு அலுத்தாரோ, எண்ணிக்கை குறைவதைக் கண்ணால் பார்த்தாரோ, காட்டைக் காக்கச் சொல்லி அரசாங்கத்தின் கழுத்தை விடாமல் பிடித்தார். 1925இல் குனோங் தாஹானைச் சுற்றி ஒரு காப்பகம் வந்தது. 1930இல் வனவிலங்கு ஆணையம் ஒன்று அவர் பொறுப்பில் அமைந்து ஊர் ஊராக விசாரித்தது. யானை மிதித்த பால்மரத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியும் அங்கே வந்தது. என் தாத்தாவின் துரைக்குப் பிடித்த பதில் கிடைத்திருக்காது. 1938, 39இல் பகாங், கிளந்தான், திரங்கானு மூன்றும் சேர்ந்து ஜார்ஜ் அரசர் பெயரில் ஒரு வனத்தை ஒதுக்கின. 4,343 சதுரக் கிலோமீட்டர். சுதந்திரத்துக்குப் பிறகு தாமான் நெகாரா என்று பெயர் மாறியது. ஹப்பக் 1942இல், ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்த வருடம், இறந்தார்.

பள்ளிவாசல் திண்ணையில் இரண்டு பையன்கள் ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். மழை தூற ஆரம்பித்தது. பைக்குள் கையை விட்டுக் கூடு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து முருகன் படத்தை நகர்த்தி, பலகையைத் தூக்கி, கூட்டைக் கீழிருந்து மேலாக நுழைத்தேன். பட்டி மரத்தில் தட்டியது. நின்றது.