தன்னறிமுக வலைப்பக்கம்

தன்னறிமுக வலைப்பக்கம் என்பது ஒருவர் தம் பெயர், ஊர், படிப்பு, தொழில், ஈடுபாடு ஆகியவற்றைத் தாமே எழுதி இணையத்தில் வைக்கும் ஒற்றைப் பக்கம். இது எச்டிஎம்எல் என்னும் குறிமொழியில் எழுதப்படுகிறது. நோட்பேடு போன்ற எளிய எழுதியும் ஓர் உலாவியும் போதும். நிரலாக்கம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் மேல்நிலை முதலாம் ஆண்டுக் கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் எச்டிஎம்எல் இடம்பெறுவதால், காவிரிப் படுகை மாவட்டங்களின் பள்ளி ஆய்வகங்களுக்கும் இது தெரிந்த பொருளே.

அமைப்பு: கோப்பின் முதல் வரி ஆவண வகையை அறிவிக்கும். அடுத்து வரும் எச்டிஎம்எல் என்ற குறிச்சொல்லுக்குள் ஹெட், பாடி என இரு பகுதிகள் அமையும். ஹெட் பகுதியில் பக்கத்தின் தலைப்பும் எழுத்துமுறை அறிவிப்பும் இருக்கும். கண்ணில் படுவதெல்லாம் பாடியில். பாபநாசத்து மாணவி ஒருத்தி எழுதுவதாகக் கொண்டால், எச்1 குறிச்சொல்லில் அவள் பெயர் வரும். முன்னெழுத்தையும் தமிழிலேயே இடுவது சிறப்பு; தமிழ்நாடு அரசு 2021இல் ஆணையிட்டிருப்பதும் அதுதான். பி குறிச்சொல்லுக்குள் ஊரும் பள்ளியும், குறுவையும் சம்பாவும் பயிரிடும் வீடு என்ற செய்தியும் பத்தியாக அமையலாம். படித்த நூல்களைப் பட்டியலாக்க யுஎல், எல்ஐ, பள்ளியின் தளத்துக்கு இணைப்புத் தர ஏ, படத்துக்கு ஐஎம்ஜி. படத்துடன் ஆல்ட் என்ற பண்புக்கூற்றில் விளக்கம் எழுத வேண்டும். பார்வையற்றவரின் திரைவாசிப்பான் படிப்பது அந்த விளக்கத்தைத்தான். அதை விட்டுவிடுவது அவரை வாசலில் நிறுத்துவதாகும். தொலைபேசி எண்ணும் வீட்டு முகவரியும் பக்கத்தில் கூடாது.

எழுத்துமுறை வரலாறு: ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய எச்டிஎம்எல்லின் முதல் குறிச்சொற்கள் 1991இல் வெளியாயின. எட்டாவது உலகத் தமிழ் மாநாடு தஞ்சாவூரில் கூடிய 1995 ஜனவரியில் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் இல்லை. அவ்வாண்டு ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான விஎஸ்என்எல் அதைத் திறந்துவிட்டது. அக்டோபரில் சிங்கப்பூரில் எழுத்தாளர் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் அந்நாட்டுக் கவிதைகளின் இணையத் தொகுப்பில் தமிழ் எழுத்துகள் தோன்றின. தமிழ் வலைப்பக்கத்தின் தொடக்கமாக இது கருதப்படுகிறது.

அக்காலத்தில் குறிச்சொற்கள் யாருக்கும் சிக்கலாக இருக்கவில்லை, எழுத்துதான் சிக்கல். 256 இடங்கள் கொண்ட அட்டவணையில் ஒவ்வோர் எழுத்துரு ஆக்குநரும் தமிழ் எழுத்துகளைத் தம் விருப்பப்படி வைத்தார். ஓர் எழுத்துருவில் எழுதிய பெயர், அது இல்லாத கணினியில் பொருளற்ற ரோமன் எழுத்துகளாய்ச் சிதறியது. ஆகவே அன்றைய தமிழ்ப் பக்கங்கள் எழுத்துருவை இறக்கிக்கொள்ளும்படி வருபவரிடம் கேட்டுக்கொண்டன. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரத்தின் மயிலை, மலேசியாவின் முத்து நெடுமாறன் ஆக்கிய முரசு அஞ்சல் முதலியவை அப்போது பரவலாயின. 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றியது. பல நாட்டுத் தமிழர் மின்னஞ்சலில் விவாதித்து உருவாக்கிய திஸ்கி, சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற டாம், டாப் எனத் தரங்கள் பெருகின. எழுத்துருவின் பெயரைப் பக்கத்திலேயே குறிக்க ஃபான்ட் குறிச்சொல் தமிழருக்கு இன்றியமையாததாக இருந்தது. அதைக் கைவிடத்தக்கதென எச்டிஎம்எல் 4.0 அறிவித்ததோ 1997 டிசம்பரில். பக்கத்தின் தோற்றத்தை நடைத்தாள்களிடம் (சிஎஸ்எஸ்) விடும் நோக்கில் எடுத்த முடிவு அது.

விடிவு, எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் ஒருங்குறியால் (யூனிகோட்) வந்தது. 1991இலேயே தமிழுக்கு அதில் இடம் இருந்தும், விண்டோஸ் 2000 வந்த பின்னரே வீட்டுக் கணினிகளில் அது புழங்கத் தொடங்கியது. தமிழ்நாடு அரசு 2010இல் அதை ஏற்றது. மெய்களுக்கும் உயிர்மெய்களுக்கும் தனித்தனி இடம் தரவில்லை என்ற குறை தமிழறிஞரிடையே எழுந்தது. டேஸ்16 என்ற மாற்று முறை அதனால் பிறந்தது. வலைப்பக்கத்தைப் பொறுத்தவரை அக்குறைக்கு இடமில்லை. தஞ்சாவூர் என்ற சொல் ஒருங்குறியில் 9 குறியீடுகள். அவற்றைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 27 பைட்டுகள். பக்கத்தின் பிற சுமைகளோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லை. கோப்பைச் சேமிக்கும்போதே யூடிஎஃப்-8 தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய நோட்பேடு வேறு முறையில் சேமித்துத் தமிழைக் கேள்விக்குறிகளாக்கிவிடும். 2019 பதிப்பிலிருந்து இத்தொல்லை நீங்கிற்று. எச்டிஎம்எல் குறிச்சொல்லில் மொழி தமிழ் எனக் குறித்துவிட்டால், தமிழ்க் குரல் உள்ள திரைவாசிப்பான் அக்குரலில் படிக்கும்.

காவிரிப் படுகையில்: சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 2012 டிசம்பரில் உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றத்தின் தமிழ் இணைய மாநாடு நடந்தது. கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் போன்ற ஊர்களிலிருந்து வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்றவர் மிகுதி. அதிராம்பட்டினத்தின் பெயரில் எழுந்த வலைப்பதிவுகள் ஊர்ச் செய்தியைக் கடல் கடந்தவருக்குக் கொண்டுசென்றன.

இன்றைய நிலை: இலவச இடம் தந்த ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டது. இப்போது கிட்ஹப் பேஜஸ் போன்ற சேவைகளில் கட்டணமின்றிப் பக்கம் வைக்கலாம். பெரும்பாலோர் சமூக ஊடகச் சுயவிவரத்தோடு நிறுத்திக்கொள்கின்றனர்.